அந்த 9,880 பவுண்டு

இங்கிலாந்தின் வடக்கே ஒரு பல்கலைக்கழகத்தில் ஆறு வருஷம் கணக்குப் பார்த்தேன். பெயர் வேண்டாம். பெரிய பெயரும் இல்லை, மோசமான இடமும் இல்லை, மழை மட்டும் அதிகம். நிதிப் பிரிவுக்கும் மாணவர் சேர்க்கைப் பிரிவுக்கும் நடுவில் எனக்கு ஒரு மேசை. இரண்டு பக்கத்தாரும் என்னைத் தங்கள் ஆளாக நினைத்ததே இல்லை. ஜூலை பிறந்தால் மேலிடத்திலிருந்து கேள்வி வந்துவிடும், ஒவ்வொரு வருஷமும் அதே கேள்வி: வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்க நாம் போட்ட காசு எத்தனை மடங்காகத் திரும்பியது?

முதல் வருஷம் நான் கொடுத்த பதில், பதினோரு மடங்கு.

அது எப்படி வந்தது என்று சொல்கிறேன். எண்களைத் தோராயமாகத்தான் சொல்வேன், உண்ட வீட்டுக்கு இரண்டகம் வேண்டாம். அந்த வருஷம் தெற்காசியாவிலிருந்து முதுகலைப் படிப்புகளுக்கு 400 பேர் வந்தார்கள். கட்டணம் 17,000 பவுண்டு. பெருக்கினால் 68 லட்சம். சேர்க்கைப் பிரிவின் செலவுத் தலைப்பில் இருந்தது 6 லட்சம்: அதிகாரிகளின் சம்பளம், விமான டிக்கெட், சென்னையிலும் ஹைதராபாத்திலும் ஹோட்டல் ஹாலில் நடத்தும் கல்விக் கண்காட்சி, விளம்பரம், எங்கள் சின்னம் போட்ட துணிப்பைகள். வகுத்தேன், பதினொன்று சொச்சம். கூட்டத்தில் எல்லாருக்கும் சந்தோஷம், யாரோ கேக் வாங்கி வந்தார்கள், இயக்குநர் என் பெயரைச் சரியாக உச்சரித்த ஒரே நாள் அது.

அந்தப் பதினொன்று எவ்வளவு தப்பு என்று எனக்கு முழுசாகப் புரிய நாலு வருஷம் ஆனது. கூட்டல் கழித்தலில் தப்பில்லை. எதைக் கழிக்க வேண்டும் என்பதில்தான் தப்பு. அப்புறம், யார் செய்த வேலைக்கு யார் பெயர் வாங்கினார்கள் என்பதில்.

400 பேரை விடுங்கள், ஒருத்தரை எடுத்துக்கொள்வோம். கோவையிலிருந்து டேட்டா சயின்ஸ் எம்எஸ்சி படிக்க வரும் ஒரு பெண் என்று வையுங்கள்.

17,000 என்பது இணையதளத்தில் போட்டிருக்கும் விலை. அந்த விலையை யாரும் கட்டுவதில்லை. தெற்காசிய மாணவர்களுக்கான உதவித்தொகை என்று 3,000 கழியும், குறிப்பிட்ட தேதிக்குள் முன்பணம் கட்டினால் இன்னொரு 1,000. விண்ணப்பித்த கிட்டத்தட்ட எல்லாருக்கும் கிடைப்பதற்கு உதவித்தொகை என்று ஏன் பெயர் என்று கேட்காதீர்கள். ஆடி மாசம் துணிக்கடை வாசலில் நின்றவர்களுக்குப் புரியும். ஆக 13,000.

அடுத்து ஏஜென்ட். நம் ஊரில் "கன்சல்டன்சி" என்று போர்டு வைத்திருப்பார்களே, அவர்கள். பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களுக்கு வரும் வெளிநாட்டு மாணவர்களில் பாதிப் பேராவது ஏஜென்ட் வழியாகத்தான் வருகிறார்கள், இந்தியாவிலிருந்து என்றால் அதைவிட அதிகம். முதல் வருஷக் கட்டணத்தில் இத்தனை விழுக்காடு என்று கமிஷன். 15 கேட்பவர் உண்டு, 20 கேட்பவர் உண்டு, "பக்கத்துப் பல்கலைக்கழகம் 25 தருகிறதே" என்று மெயில் போடுபவர் உண்டு. ஐம்பது பேரைத் தாண்டிவிட்டால் முதல் ஆளிலிருந்தே விழுக்காடு கூடும் என்று சில ஒப்பந்தங்களில் ஒரு வரி இருக்கும். ஜனவரி மாசம் நிதிப் பிரிவுக்கு நெஞ்சு வலிப்பது அந்த வரியால்தான். தள்ளுபடிக்கு முந்திய விலையிலா, பிந்திய விலையிலா கமிஷன் என்பதும் ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறும். நல்ல ஒப்பந்தம் என்றே வைத்துக்கொள்வோம். 13,000-ல் 20 விழுக்காடு, 2,600.

இங்கேதான் நான் சறுக்கினேன். வெளிநாட்டு நிறுவனத்திடம் ஒரு சேவையை வாங்கினால், அதற்கான வாட் வரியை வாங்குகிறவரே கணக்குக் காட்டிக் கட்ட வேண்டும் என்பது இங்கே விதி. 20 விழுக்காடு. சாதாரண கம்பெனி என்றால் கட்டியதைத் திரும்பக் கோரிவிடலாம், ஒரு கையால் கொடுத்து மறு கையால் வாங்கிக்கொள்வது போல. கல்விக்கு வாட் விலக்கு இருப்பதால் பல்கலைக்கழகத்தால் அப்படித் திரும்ப வாங்க முடியாது. விலக்கு என்றால் நல்லது என்றுதானே நினைப்போம்? கமிஷன் சேர்க்கைப் பிரிவின் கணக்கிலும் அதன் மேல் விழுந்த வரி வேறொரு கணக்கிலும் இருந்தது. இரண்டு வருஷம் என் கோப்பில் அந்த வரி இல்லவே இல்லை. ஓய்வு பெறப்போகும் வரிக் கணக்காளர் ஒருவர், டீ குடிக்கும்போது, "நீ போட்ட தாளில் என் 520 பவுண்டைக் காணோமே" என்று சாதாரணமாகச் சொன்னார்.

13,000-ல் 2,600 போய், 520 போய், 9,880.

இப்போது பக்கத்தில் உள்ளூர் இளங்கலை மாணவரை நிறுத்துங்கள். இங்கிலாந்தில் அவர்களுக்கான கட்டணத்தை அரசாங்கம்தான் கட்டிப்போட்டிருக்கிறது: 2012-ல் 9,000, 2017-லிருந்து 9,250, அதை அப்படியே உறையவைத்து 2025-ல்தான் 9,535 ஆக்கினார்கள். அந்த மாணவருக்கு வெளிநாட்டு ஏஜென்ட் இல்லை, தள்ளுபடி இல்லை, மூன்று வருஷம் இருப்பார். எங்கள் கூட்டங்களில் 17,000-ஐ 9,250-க்குப் பக்கத்தில் வைத்து, "கிட்டத்தட்ட இரண்டு மடங்கு" என்று பேசிக்கொண்டிருந்தோம். உண்மையில் வித்தியாசம் 630 பவுண்டு.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எல்லா இடத்திலும் இந்தக் கணக்கு இல்லை. பெயர் பெற்ற பெரிய பல்கலைக்கழகங்கள் 30,000-க்கு மேல் வாங்கிக்கொண்டு தள்ளுபடி என்ற பேச்சே எடுக்காமல் இருப்பதுண்டு. அங்கே மிச்சம் கொழுத்த மிச்சம். நான் சொல்வது நடுவிலும் கீழேயும் இருக்கும் இடங்களைப் பற்றி, நம் ஊர்ப் பிள்ளைகள் பெரும்பாலும் போய்ச் சேரும் இடங்களைப் பற்றி.

இன்னொரு விஷயம் படிப்பின் நீளம். கமிஷன் பொதுவாக முதல் வருஷக் கட்டணத்துக்கு மட்டும்தான். மூன்று வருஷ இளங்கலைக்கு முழுக் கட்டணம் கட்டி ஒருவர் வந்தால் மொத்தம் 51,000, கமிஷனும் வாட்டும் சேர்ந்து 4,080, அதாவது 8 விழுக்காடு. நம் கோவைப் பெண்ணின் ஒரு வருஷ எம்எஸ்சியில் அதுவே 24 விழுக்காடு. இளங்கலை மாணவர் ஒருமுறை வந்தால், பாதியில் விட்டுப் போகாத வரை, அடுத்த இரண்டு வருஷம் கவலை இல்லை. ஒரு வருஷ முதுகலை ஓட்டைக் குடம். இந்தியாவிலிருந்து வருகிறவர்களில் பெரும்பாலோர் முதுகலைக்குத்தான் வருகிறார்கள், ஆக ஒவ்வொரு செப்டம்பரும் குடத்தை அடியிலிருந்து நிரப்ப வேண்டும். "எத்தனை மடங்கு" என்ற என் கேள்வியில் இந்த இரண்டு பேரும் ஒரே வரிசையில், ஒரே 17,000 ஆக உட்கார்ந்திருந்தார்கள்.

சரி, 9,880 கையில் இருக்கிறது. பாடம் நடத்த என்ன செலவு?

இந்தக் கேள்வியை எனக்குச் சரியாகக் கேட்டவர் ஒரு துறைத்தலைவர். 25 பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் இருபத்தாறாவது ஆள் வந்தால் செலவு ஒரு நாற்காலி. இதை வைத்துத்தான் சேர்க்கைப் பிரிவு எப்போதும் வாதாடும்: வகுப்பு எப்படியும் நடக்கிறது, வருகிற காசெல்லாம் லாபம். ஆனால் அந்த டேட்டா சயின்ஸ் படிப்புக்கு ஒரு வருஷம் 60 பேர் வந்தார்கள், அடுத்த வருஷம் 180. அப்போது செலவு படிப்படியாக ஏறாது, மாடி மாடியாகத் தாவும். லேப் வகுப்பை மூன்றாகப் பிரிக்க வேண்டும், அறை கிடைக்காமல் மாலை ஆறு மணிக்கு வகுப்பு வைக்க வேண்டும், ஒப்பந்தத்தில் இரண்டு விரிவுரையாளர்களை அவசரமாக எடுக்க வேண்டும். அதைவிடப் பெரியது கோடைக்கால ஆய்வறிக்கை. எம்எஸ்சி மாணவர் ஒவ்வொருவருக்கும் ஒரு வழிகாட்டி வேண்டும், தனியாக உட்கார்ந்து பேச வேண்டும், 15,000 சொற்களைப் படித்து மதிப்பெண் போட வேண்டும், இரண்டாவது ஆள் அதைச் சரிபார்க்க வேண்டும். 180 ஆய்வறிக்கைகள். அந்தத் துறைத்தலைவர் என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார். "உன் பதினோரு மடங்கில் என் ஆட்களின் ஆகஸ்ட் மாசம் எந்த வரியில் இருக்கிறது?" என்று கேட்டார். இல்லை என்றேன். அவர்கள் யாரும் கூடுதல் சம்பளம் வாங்கவில்லை, அதனால் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. ஆராய்ச்சிக்கு என்று வைத்திருந்த நேரத்தை எடுத்து இதில் போட்டார்கள், அவ்வளவுதான். வவுச்சர் இல்லாத செலவு.

பிறகு விசா கண்காணிப்பு. வெளிநாட்டு மாணவரைச் சேர்க்க உள்துறை அமைச்சகத்தின் உரிமம் வேண்டும். அந்த உரிமத்தைத் தக்கவைக்க வருஷா வருஷம் மூன்று தேர்வுகள், நான் அங்கே இருந்தபோது இப்படி: பல்கலைக்கழகம் இடம் கொடுத்தவர்களில் விசா மறுக்கப்பட்டவர்கள் 10 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும், விசா கிடைத்தவர்களில் 90 விழுக்காட்டினராவது வந்து சேர வேண்டும், 85 விழுக்காட்டினராவது படிப்பை முடிக்க வேண்டும். 2025 மே மாதம் அரசு வெளியிட்ட குடியேற்ற வெள்ளை அறிக்கையில் மூன்றையும் ஐந்து புள்ளி இறுக்கப்போவதாக அறிவித்தார்கள். தவறினால் என்ன ஆகும் என்பதற்கு 2012 ஆகஸ்ட் ஞாபகம் இருக்கிறது: லண்டன் மெட்ரோபாலிட்டன் பல்கலைக்கழகத்தின் உரிமத்தை ரத்து செய்தார்கள், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். அப்புறம் உரிமம் திரும்பக் கிடைத்தது என்றாலும், அந்தக் கதை எல்லாப் பல்கலைக்கழகத்தின் நிர்வாகக் குழுவிலும் இன்றும் பேய்க்கதை மாதிரி சொல்லப்படுகிறது.

கணக்கில் இதற்கு என்ன அர்த்தம் என்றால், தவறான ஏஜென்ட் அனுப்பும் ஒரு ஆள் வெறும் பூஜ்யம் இல்லை, கழித்தல் குறி. அவர் வந்து இறங்கி இரண்டாவது வாரம் காணாமல் போனால் அவருடைய கட்டணம் மட்டும் போகவில்லை. மற்ற எல்லாருடைய கட்டணத்தையும் தாங்கி நிற்கும் உரிமத்தில் ஒரு கீறல் விழுகிறது. எங்களிடம் ஒரு ஏஜென்ட் வருஷத்துக்கு எண்பது பேர் அனுப்பினார், ராஜ மரியாதை அவருக்கு. அவர் அனுப்பியவர்களில் எத்தனை பேர் படிப்பை முடித்தார்கள் என்று நான் தனியாகப் பிரித்துப் பார்த்த நாள் என் மேலாளர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. சேர்க்கைப் பிரிவின் கணக்கு அக்டோபர் மாசத் தலை எண்ணிக்கையோடு முடிந்துவிடும். முடித்தவர்கள் எண்ணிக்கை வேறொரு கட்டிடத்தில், வேறொரு கோப்பில்.

இதுவரை சொன்னது எதைக் கழிப்பது என்பது பற்றி. அடுத்தது, நான் கேக் தின்றதற்காகக் கூச்சப்படும் பகுதி: யார் அழைத்து வந்தது?

கோவைப் பெண் சென்னைக் கண்காட்சிக்கு வந்து பெயர் எழுதிவிட்டுப் போயிருப்பாள். கண்காட்சி நடத்தியவர் அறிக்கையில் அவள் உண்டு. அதற்கு முன்னால் இன்ஸ்டாகிராம் விளம்பரத்தைத் தட்டியிருப்பாள், டிஜிட்டல் பிரிவின் அறிக்கையிலும் அவள் உண்டு. கடைசியில் ஆர்.எஸ். புரத்தில் இருக்கும் ஏஜென்ட் வழியாக விண்ணப்பம் போட்டாள், அங்கேயும் உண்டு. மூன்று அறிக்கையையும் கூட்டினால் எங்கள் வளாகத்தில் இருக்கும் மாணவர்களைவிட நாங்கள் கொண்டுவந்த மாணவர்கள் அதிகம்! இவர்கள் யாருமே இல்லாவிட்டாலும் அவள் வந்திருப்பாளா என்ற கேள்வியை எங்கள் அறிக்கைகளில் யாரும் எழுதியதே இல்லை. எழுதினால் யாருக்காவது வேலை போகும்.

ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் ஊரறியக் கிடந்தது. பிரிட்டனில் படித்த இந்திய மாணவர்கள் 2010-11-ல் சுமார் 39,000 பேர். படித்து முடித்தபின் இரண்டு வருஷம் வேலை பார்க்க அனுமதித்த விசாவை 2012 ஏப்ரலில் மூடினார்கள், தெரசா மே உள்துறை அமைச்சராக இருந்தபோது. 2016-17-ல் எண்ணிக்கை 16,500 அளவுக்கு வந்துவிட்டது. பல்கலைக்கழகங்கள் அந்த வருஷங்களில் கண்காட்சியை நிறுத்தவில்லை, துணிப்பைகளும் தீரவில்லை. 2019 செப்டம்பரில் அதே இரண்டு வருஷ விசாவைத் திரும்பக் கொண்டுவருவதாக அறிவித்தார்கள், 2021 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. நடுவில் கொரோனா. எங்கள் அதிகாரிகளில் ஒருவர்கூட விமானம் ஏறவில்லை, ஹோட்டல் ஹால் எதுவும் திறக்கவில்லை. இந்தியர்கள் எண்ணிக்கை 2020-21-ல் சுமார் 84,500. 2022-23-ல் 1,73,000, சீனாவையும் தாண்டி முதலிடம்.

நான் கேக் தின்றது இந்த ஏற்றத்தில்தான். பதினோரு மடங்கு எங்கள் சாமர்த்தியம் என்று நினைத்தோம். அது ஒரு விசா விதியின் வேலை. காற்று அடித்த திசையில் தூற்றிவிட்டு, முறத்துக்கு மாலை போட்டோம்.

காற்று திரும்பியதும் தெரிந்தது. 2023 மே மாதம், முதுகலை மாணவர்கள் கணவன் மனைவி பிள்ளைகளை இனி அழைத்து வர முடியாது என்று அறிவித்தார்கள், ஆராய்ச்சி மாணவர்களுக்கு மட்டும் விலக்கு, 2024 ஜனவரி முதல் அமல். அதே 2023 ஜூனில் நைஜீரியா தன் நைராவைச் சந்தை விலைக்கு விட்டது. டாலருக்கு 460 அளவில் இருந்தது, அடுத்த பிப்ரவரிக்குள் 1,500-ஐத் தொட்டது. எங்களிடம் நைஜீரிய மாணவர்கள் நிறைய. முன்பணம் கட்டி, விசா எடுத்து, குடும்பத்தோடு வந்து இறங்கியவர்கள், இரண்டாவது தவணைக்கு வீட்டில் மூன்று மடங்கு நைரா புரட்ட வேண்டியிருந்தது. கட்ட முடியாதவர்களை என்ன செய்வது என்று கூட்டம் மேல் கூட்டம். சம்பளத்துக்கு அப்பாற்பட்டு என் மனதைப் பிசைந்த கூட்டங்கள் அவை. ஒரு பெண், கைக்குழந்தையோடு, நிதி அலுவலகத்தின் வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. என் கோப்பில் அவர் போன வருஷ அக்டோபரிலேயே முழு 17,000 ஆக ஏறிவிட்டவர். வராக்கடன் என்ற வரியே அப்போதுதான் கோப்பில் சேர்ந்தது.

அந்த ஜனவரிச் சேர்க்கை பாதியாகிவிட்டது. அதே அதிகாரிகள், அதே உழைப்பு, சொல்லப்போனால் கூடுதல் உழைப்பு. இந்த முறை கேக் இல்லை, இரண்டு பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

கனடாவில் இதே கதை இன்னும் பெரிய எழுத்தில் நடந்தது. ஒன்டாரியோவின் அரசுக் கல்லூரிகளை ஆராய்ந்து அந்த மாகாணத் தணிக்கையாளர் 2021 டிசம்பரில் ஓர் அறிக்கை வைத்தார்: 2020-21-ல் மாணவர்களில் 30 விழுக்காட்டினர் வெளிநாட்டவர், கட்டண வருமானத்தில் 68 விழுக்காடு அவர்களுடையது, அவர்களில் 62 விழுக்காட்டினர் இந்தியர்கள். ஒரே நாட்டை நம்பியிருப்பது ஆபத்து என்று அப்போதே சொன்னார்கள். 2024 ஜனவரியில் கூட்டாட்சி அரசு மாணவர் அனுமதிக்கு உச்சவரம்பு வைத்தது. அதற்கப்புறம் அங்கே எத்தனை படிப்புகள் மூடப்பட்டன, எத்தனை பேர் வேலை இழந்தார்கள் என்பதை ஒன்டாரியோவில் சொந்தக்காரர் இருக்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

இவ்வளவு மெல்லிய மிச்சத்துக்கு ஏன் இப்படி ஓட வேண்டும்? உள்ளூர்க் கட்டணம் உறைந்து கிடந்த வருஷங்களில் விலைவாசி அதைத் தின்றுவிட்டது. 2012 மதிப்பில் பார்த்தால் அந்த 9,250 சுமார் 6,000 பவுண்டுதான். ஆராய்ச்சியோ எப்போதும் நஷ்டம், ஒரு பவுண்டு செலவழித்தால் சுமார் 70 பென்ஸ்தான் வெளியிலிருந்து வரும். இந்த இரண்டு பள்ளத்தையும் வெளிநாட்டுக் கட்டணத்தில் தூர்க்கிறார்கள். ஒவ்வொரு வருஷமும் பல்கலைக்கழகங்கள் டிராக் என்ற முறையில் தங்கள் செலவை உடைத்துக் காட்டும் கணக்கிலேயே இது அப்பட்டமாகத் தெரியும். அதனால்தான் எங்கள் துணைவேந்தருக்கு அந்த 630 பவுண்டும் வேண்டும். உள்ளூர் மாணவரை எத்தனை பேர் சேர்த்தாலும் ஒவ்வொருவரிலும் கொஞ்சம் நஷ்டம் என்கிற நிலைமையில், நஷ்டமில்லாத தலை ஒவ்வொன்றும் தங்கம்.

இதையெல்லாம் நான் பேசினால் யாராவது ஒருவர் 4,190 கோடியைத் தூக்கி மேசையில் போடுவார். லண்டன் எகனாமிக்ஸ் என்ற ஆலோசனை நிறுவனம் 2023 மே மாதம் வெளியிட்ட கணக்கு: 2021-22-ல் பிரிட்டனில் படிப்பைத் தொடங்கிய வெளிநாட்டு மாணவர்களால் நாட்டுக்கு வரும் பலன் 4,190 கோடி பவுண்டு, செலவு 440 கோடி, நிகரம் 3,740 கோடி (எல்லாம் முழுமையாக்கிய எண்கள், அதனால் கழித்துப் பார்த்தால் பத்துக் கோடி இடிக்கும்). நல்ல வேலைதான், முறையை வெளிப்படையாக எழுதியிருக்கிறார்கள், மாணவர்களுக்காகவும் குடும்பத்தினருக்காகவும் அரசு செய்யும் பொதுச் சேவைச் செலவைக் கழித்திருக்கிறார்கள். ஆனால் அது நாட்டின் கணக்கு. மாணவர் கொடுக்கும் வாடகை, வாங்கும் அரிசி, பட்டமளிப்பைப் பார்க்க வரும் அப்பா அம்மாவின் ஹோட்டல் பில், அந்தக் காசு கைமாறிக் கைமாறி உண்டாக்கும் வருமானம் எல்லாம் அதில் உண்டு. பல்கலைக்கழகத்தின் பெட்டிக்கு வருவது அதில் ஒரு பங்கு. வீட்டுக்காரருக்கு வரும் வாடகையைக் காட்டி விரிவுரையாளருக்குச் சம்பளம் போட முடியாது. எங்கள் கூட்டத்தில் அந்த எண்ணைக் காட்டியவர் அடுத்த ஸ்லைடில் எங்கள் பற்றாக்குறையைக் காட்டினார், இரண்டுக்கும் நடுவில் யாருக்கும் ஒன்றும் உறுத்தவில்லை.

அரசாங்கத்துக்கும் அந்த 4,190 கோடிதான் கண்ணில் படுகிறது போல. 2025 நவம்பர் பட்ஜெட்டில், 2028 ஆகஸ்ட் முதல் இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்கள் வெளிநாட்டு மாணவர் ஒருவருக்கு வருஷத்துக்கு 925 பவுண்டு வரி கட்ட வேண்டும் என்று அறிவித்தார்கள், முதல் 220 பேருக்கு விலக்கு. என் பழைய கோப்பைத் திறந்து சும்மா கழித்துப் பார்த்தேன். 9,880-ல் 925 போனால் 8,955. உள்ளூர் மாணவரின் 9,535-க்குக் கீழே. 2028-க்குள் கட்டணம் ஏறும், தள்ளுபடி குறையும், தெரியும். ஆனாலும் அந்த எண்ணைப் பார்த்துச் சிரித்துவிட்டேன்.

வேலையை விடுவதற்கு முன் கடைசி ஜூலையில், நான் வேறு மாதிரி ஒரு தாள் கொடுத்தேன். நாடு வாரியாக இல்லை, ஏஜென்ட் வாரியாக, படிப்பு வாரியாக. சேர்ந்தவர்களைத் தலை எண்ணாமல், படிப்பை முடித்தவர்களிடமிருந்து தள்ளுபடியும் கமிஷனும் வாட்டும் வராக்கடனும் போக உண்மையில் வந்து சேர்ந்த காசு. அதன் எதிரே, துறைத்தலைவர்கள் வாயாலேயே சொன்ன கூடுதல் மணி நேரங்கள், ஆகஸ்ட் மாசம் உட்பட. விசா விதி மாறிய வருஷங்களைத் தனியாக வரைந்து, எங்கள் முயற்சியால் என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்லக்கூடியது எவ்வளவு என்று ஒரு பட்டை. அந்தப் பட்டை மெல்லியதாக இருந்தது. சில படிப்புகளில் ஒன்றரை மடங்கு, இரண்டு படிப்புகளில் ஒன்றுக்கும் கீழே, செவிலியர் படிப்பு ஒன்றில் மட்டும் நான் எதிர்பார்க்காத அளவுக்கு நல்ல எண். இயக்குநர் அதைப் பார்த்துவிட்டு, "இதை ஒரே எண்ணாகச் சுருக்க முடியாதா?" என்று கேட்டார்.

அரசின் குடிப்பெயர்வு ஆலோசனைக் குழு 2024 மே அறிக்கையில் ஏஜென்ட்களைக் கட்டாயமாகப் பதிவு செய்ய வேண்டும், பல்கலைக்கழகங்கள் ஏஜென்ட்களுக்குக் கொடுக்கும் தொகையை வெளியிட வேண்டும் என்று பரிந்துரைத்தது. படித்துவிட்டுத் தனியாகக் கைதட்டினேன். என் மேசைக்கு எதிரே இருந்தவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

அதே மாதம்தான் பாளையங்கோட்டையிலிருந்து சித்தப்பா போன் செய்தார். மகளுக்கு எங்கள் பல்கலைக்கழகத்திலேயே இடம் கிடைத்திருக்கிறதாம், வீட்டு மேல் லோன் போடலாமா என்று என்னைக் கேட்கிறார். அவருடைய கணக்கை முதல் முறையாக உட்கார்ந்து போட்டேன். கட்டணம் 13,000. விசா 490. மருத்துவக் கட்டணம் ஒன்றரை வருஷத்துக்கு 1,164. வங்கியில் காட்ட வேண்டிய வாழ்க்கைச் செலவு மாதம் 1,023 வீதம் ஒன்பது மாதத்துக்கு 9,207. மொத்தம் 23,861, அன்றைய ரேட்டில் சுமார் 25 லட்சம் ரூபாய். படித்து முடித்து அங்கேயே வேலைக்கான விசாவுக்கு மாற வேண்டுமானால் என்ன சம்பளம் வேண்டும், அந்த வரம்பை ஏப்ரலில்தான் எப்படி உயர்த்தினார்கள் என்பதையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பேங்கில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர், எண்கள் அவருக்குப் புதிதில்லை.

"சரிம்மா, இதுல உங்க காலேஜுக்கு எம்புட்டு நிக்கும்?"

"9,880 சித்தப்பா. அதுலதான் வாத்தியார் சம்பளம், கட்டடம், கரண்டு எல்லாம்."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. கால்குலேட்டரைத் தட்டுகிறார் என்று தெரிந்தது.

"நான் போடுற காசுல பாதிகூட அங்க போகலையே. ஏஜென்ட் தம்பி, எங்க சர்வீஸ் ஃப்ரீ அங்கிள், உங்ககிட்ட ஒத்த ரூவா வாங்க மாட்டோம்னானே. பிள்ளைக்கு ஒரு பை வேற கொடுத்தான், உங்க காலேஜ் பேர் போட்டு."

அந்தப் பை எனக்குத் தெரியும். நீல நிறம், தோள்பட்டை நாடா ஒரு மாசத்தில் பிய்ந்துவிடும். என் கோப்பில் இருக்கிறது, விளம்பரப் பொருட்கள் என்ற தலைப்பில், ஒன்று 3 பவுண்டு 40 பென்ஸ்.